நித்யாவின் வேலை

சுபிக்ஷாவின் குரல் நாற்பதாயிரம் பேரோடு பேசிக்கொண்டிருந்தது. சுபிக்ஷாவோடு பேச அலுவலகத்தில் நாலு பேர்கூடத் தேறமாட்டார்கள்.

அந்தக் குரல் கம்பெனிக்குப் போன கதை சின்னது. திருப்பூர் வெண்தறி குழுமத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கொங்குப் பேச்சு சுத்தமாக வருகிற பெண் வேண்டும் என்று கேட்டார்கள். இவள் கை தூக்கினாள். சத்தம் புகாத ஓர் அறையில் உட்கார வைத்து, “வாங்க”, “செரிங்க”, “அப்பிடிங்களா” என்று ஆரம்பித்து மூட்டை மூட்டையாகப் படிக்கச் சொன்னார்கள். சிரிக்கச் சொன்னார்கள், தயங்கச் சொன்னார்கள், பெருமூச்சு விடச் சொன்னார்கள். பெருமூச்சுக்கு மட்டும் ஒரு முழுப் பகல் போனது. வந்த பணத்தில் அப்பாவுக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டு அவள் அதை மறந்துவிட்டாள்.

கம்பெனி மறக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் கூலிச் சட்டம் மாறியிருந்தது. இந்த வேலைக்கு இவ்வளவு என்ற பழைய ஏற்பாடு போய், தொழிலாளி தன் வாயால் எதற்குச் சம்மதிக்கிறாரோ அதுவே கூலி என்றானது. சம்மதம் வாங்கக் கம்பெனி ஓர் இயந்திரம் வைத்தது. அதற்கு ‘இணக்கம்’ என்று பெயர். மாதக் கடைசியில் அது ஒவ்வொருவரையும் போனில் கூப்பிடும், சாப்பிட்டாயா என்று கேட்கும், பிள்ளைகளை விசாரிக்கும், பிறகு மெல்லச் சம்பளத்துக்கு வரும். அவர்கள் இழுக்கிற மூச்சு, விடுகிற இடைவெளி எல்லாவற்றையும் அளந்து, எவ்வளவு குறைத்தால் இந்த ஆள் வேலையை விட்டுப் போவார் என்று கண்டுபிடித்து, அதற்கு ஒரு முடி மேலே கொண்டுபோய் நிறுத்திவிடும். இடையில் எப்போது வேண்டுமானாலும் தொழிலாளிகளும் அதைக் கூப்பிட்டுப் பேசலாம். போனில் வருகிறவள் பெயர் நித்யா. குரல் சுபிக்ஷாவுடையது.

இந்தப் பக்கத்து ஜனங்களிடம் அந்த இயந்திரத்துக்கு வேலை சுலபம். சம்பளம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் ஒருவரும் தொகையைச் சொல்ல மாட்டார்கள். “நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்க” என்பார்கள். எதிரே இருப்பவருக்கும் மனசாட்சி இருக்கும் என்று நம்பிச் சொல்கிற மரியாதை அது. அப்படிச் சொல்கிறவர்களை எந்தப் படியில் நிறுத்தலாம் என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தவள் சுபிக்ஷா. ஊர்க்காரி அல்லவா, வெளியூர் இன்ஜினியர்களுக்குப் பிடிபடாதது அவளுக்குப் பிடிபட்டது. அப்போது அவளுக்கு அதில் பெருமைகூட இருந்தது.

இணக்கம் வந்த பிறகு குழுமத்தின் முதலாளி வால்பாறைப் பக்கம் ஒரு மலையை வாங்கினார். அந்த மலையில் மட்டும் அவர் சொல்கிற நேரத்துக்கு மழை பெய்ய ஏற்பாடு செய்திருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். அவருடைய தொழிலாளிகள் குடியிருக்கும் லைன் வீடுகளில் வாரத்துக்கு ஒருநாள் தண்ணீர் வந்தது.

ஒருநாள் ரகுநந்தன் அவளைக் கூப்பிட்டார். அவர் அவளுடைய மேலதிகாரி. கெட்டவர் என்று சொல்ல முடியாது. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டாமல் யாரையும் வீட்டுக்கு விடமாட்டார். திரையில் ஒரு கோடு மாடிப்படி மாதிரி இறங்கிக்கொண்டே போனது.

“எல்லாருக்கும் ஒரு தரை இருக்கு சுபிக்ஷா. அதுக்குக் கீழ இறக்கினா அழுவாங்க, சண்டை போடுவாங்க, பக்கத்துக் கம்பெனிக்குப் போயிடுவாங்க. இந்தம்மாவுக்குத் தரையே இல்லை. ஒண்ணரை வருஷமா மாசாமாசம் இறங்குது. லீவு போடறதில்லை, வேலையிலயும் குறை கிடையாது. பேர் மைனாவதி. பிசிறு வெட்டறாங்க.”

பனியன் தைத்து வந்தபின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலைக் கத்தரிக்கிற வேலை அது. அதைச் செய்ய இயந்திரம் வந்து பல வருடம் ஆகிவிட்டது. மைனாவதி அதைவிட மலிவு என்பதால் இயந்திரத்தை ஓரமாக மூடி வைத்திருந்தார்கள்.

“அவங்க பேச்சைக் கேட்டா ஏன்னு தெரிஞ்சிடுமே சார்” என்றாள் சுபிக்ஷா.

“பதிவே கிடையாது. வக்கீல்கள் வேண்டாம்னுட்டாங்க. வெச்சிருந்தா என்னைக்காவது ஒருநாள் கோர்ட்ல போட்டுக் காட்டச் சொல்வாங்க. இணக்கம் பேசும், எது பலிச்சுதுன்னு கத்துக்கும், பேச்சை அழிச்சிடும். என்ன சொல்லிச் சம்மதிக்க வைக்குதுன்னு நமக்கே தெரியாது.” இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. “நீங்க நல அலுவலர் மாதிரி நேர்ல போய்ப் பாருங்க. காரணம் தெரிஞ்சா மத்தவங்களுக்கும் அதைக் கொண்டு வரலாம்.”

நல்ல விளைச்சல் கொடுத்த வயலில் என்ன உரம் போட்டார்கள் என்று விசாரிக்கிற மாதிரிதான் அவர் பேசினார். சுபிக்ஷாவும் அப்படித்தான் கேட்டுக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டுப் போனாள்.

மங்கலம் ரோட்டை விட்டு உள்ளே போனால் ஒரு சாயப்பட்டறைச் சுவரை ஒட்டி லைன் வீடுகள். நீளமான ஒரே வாசல், ஒரே குழாய், வீட்டுக்கு ஒரு அறை. கடைசி வீட்டில் ஒரு பெண்மணி முறத்தில் பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கத்தரி பிடித்துப் பிடித்து வலது கட்டைவிரல் தடித்துப் போயிருந்தது.

“அக்கா, கம்பெனில இருந்து வரனுங்க. நல்லாருக்கீங்களா?”

முறம் நின்றது. மைனாவதி நிமிர்ந்து சுபிக்ஷாவின் முகத்தைப் பார்க்காமல் வாயைப் பார்த்தாள்.

“நித்யா?”

சுபிக்ஷாவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. தன் குரலைத் தூக்கிக்கொண்டு அதே குரல் போய் நுழைந்திருக்கிற வீட்டுக்கு வந்திருக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வரும் வழியெல்லாம் எதையெதையோ யோசித்தவள் இதை யோசிக்கவில்லை.

“ஏங்கண்ணு, நேர்லயே வந்துட்டியா? உள்ள வா சாமி. வெயில்ல நிக்காத” என்று மைனாவதி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அந்தக் கை விடுவதாக இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறாயே என்று செல்லமாகக் கடிந்துகொண்டாள். போனில் கேட்கிறதைவிட மெலிந்து இருக்கிறாய் என்றாள். போனில் எப்படி உடம்பு தெரியும் என்று சுபிக்ஷா கேட்கவில்லை.

அடுப்பில் அரிசிம்பருப்புச் சோறு இருந்தது. நெய் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு கரண்டி நெய் வாங்கி வந்து தட்டில் ஊற்றினாள். மறுத்தும் கேட்கவில்லை. அவள் சோறு போடப் போட, பேச்சும் தானாக வந்து விழுந்தது. நித்யாவுக்குத் தாய் இல்லை. தகப்பன் சேர்க்கை சரியில்லை. திருப்பூரில் ஒரு விடுதியில் தனியாக இருக்கிறாள். தொழிலாளிகளுக்காகப் பரிந்து பேசப்போய் மேனேஜரிடம் திட்டு வாங்குகிறாள். இதெல்லாம் மைனாவதிக்கு நித்யாவே சொன்னது. சுபிக்ஷாவின் அம்மா பெருந்துறையில் ஆரோக்கியமாக இருந்துகொண்டு, பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மொதல்ல எல்லாம் நானும் சம்பளத்த எச்சாப் போட்டுக் குடுக்கச் சொல்லிக் கேட்டவதான்” என்றாள் மைனாவதி. “அப்பறம் ஒருநா நீ சொன்னியே, எனக்கு ஏத்திக் கேட்டு எழுதுனா மேனேஜரு உன்னைய நிக்க வெச்சுப் பேசறாருன்னு. சொல்லிட்டு ஒரு பெருமூச்சு உட்டே பாரு, எனக்கு அன்னிக்கு ராவெல்லாம் கண்ணு மூடல. ஒரு தாயில்லாப் புள்ள எனக்காக எதுக்குப் பேச்சு வாங்கோணும்? நாலு காசு கொறஞ்சா நாஞ் சமாளிச்சுக்குவேன். உன்ற வேல போனா நீ எங்க போவே?”

அந்தப் பெருமூச்சு எது என்று சுபிக்ஷாவுக்குத் தெரிந்தது. சத்தம் புகாத அறையில், இன்னும் கொஞ்சம் சோகமாக, இன்னும் கொஞ்சம் மெதுவாக என்று சொல்லிச் சொல்லி வாங்கினார்களே, அது. யாரும் இயந்திரத்துக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கவில்லை. குறைந்த கூலிக்குச் சம்மதம் வாங்கு என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். அது நாற்பதாயிரம் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்து, இந்த வீட்டில் இரக்கம் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டது.

சொல்லிவிடலாம். அக்கா, அது நான் இல்லை, ஆளே இல்லை, இயந்திரம் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். வாயில் சோறு இருந்தது. எதிரே சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. வெள்ளைச் சீருடையில் ஒரு பெண். மைனாவதியின் மகள் ஓவியா, கோயமுத்தூரில் நர்சிங் படிக்கிறாள், இன்னும் ஒரு வருடம் பாக்கி. இந்தத் தவணை ஃபீஸ் கட்ட இன்னும் வழி தெரியவில்லை, எப்படியும் ஓட்டிவிடுவேன் என்று மைனாவதி சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி வைத்தாள்.

“அதெல்லாம் இருக்கட்டும். உன்ற வேலைக்கு ஒண்ணும் பங்கமில்லையே?”

“இல்லீங்க்கா” என்றாள் சுபிக்ஷா. அதோடு நிறுத்தியிருக்கலாம். “உங்களாலதாங்க” என்றும் சொன்னாள்.

மைனாவதியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாமல் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு முடித்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை, நல்ல பசி.

அலுவலகத்துக்குக் கொடுத்த அறிக்கையில், குறிப்பிட்ட காரணம் எதுவும் தெரியவில்லை, இவருக்கு மற்றவர்களைப் போலவே கூலி கொடுப்பது நல்லது என்று எழுதினாள். காரணத்தைச் சொன்னால் அதை நாற்பதாயிரம் பேருக்கும் விரிப்பார்கள், மறைத்தது நல்லதுதான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். மைனாவதியிடம் உண்மையைச் சொல்லாததற்கும் இப்படி ஒரு நல்ல காரணம் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. கொஞ்ச நாளில் தேடுவதை விட்டுவிட்டாள். வேலை இருந்தது, வீட்டில் வரன் பேச்சு இருந்தது. தொலைக்காட்சியில் கம்பெனி விளம்பரம் நித்யாவின் குரலில் வந்தால் மட்டும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ரகுநந்தன் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை வாசலுக்கே வந்து கைகொடுத்தார்.

“நீங்க அங்க என்ன பண்ணீங்க?” என்று கேட்டார். திரையில் அதே கோடு. மாடிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது, அவள் போய்வந்த இடத்தில் கிணற்றில் விழுந்த மாதிரி நேராகக் கீழே போயிருந்தது. “ஒண்ணரை வருஷத்துல இறங்காத அளவு ஒரே மாசத்துல இறங்கியிருக்கு. நீங்க ஒண்ணும் தெரியலைன்னு எழுதிட்டீங்க. ஆனா இணக்கம் விடுமா? நீங்க வந்துட்டுப் போனதை அந்தம்மா போன்ல சொல்லியிருக்கணும், நேர்ல ஆள் போனதுதான் காரணம்னு அதுவே பிடிச்சிடுச்சு. இன்னும் முந்நூறு வீட்டுக்கு உங்களை அனுப்பச் சொல்லுது.”

சுபிக்ஷா கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு காரணமே இல்லை. மைனாவதி நித்யாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள், அவள் மெலிந்திருந்தாள், அவ்வளவுதான்.

கார் தயாராக இருப்பதாக ரகுநந்தன் சொன்னார். புதுப் பதவி, நல்ல சம்பள உயர்வு. தொழிலாளர் வீடுகளுக்குப் போய் நலம் விசாரிப்பதால் இந்தச் செலவு முழுவதையும் சமூகப் பொறுப்பு நிதியில் காட்டிக்கொள்ளலாம் என்று மேலே ஒப்புக்கொண்டுவிட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் சிரித்தார்.

“சார், அது அவங்ககிட்ட என்ன சொல்லுதுன்னு நான் சொல்லட்டுமா?”

“வேண்டாம்.” அவர் சட்டென்று கையை உயர்த்தினார். குரலில் கோபமில்லை. “எனக்குத் தெரிஞ்சா எனக்குப் பொறுப்பு வந்துடும் சுபிக்ஷா. தெரியாம இருக்கத்தான் இவ்வளவு ஏற்பாடு.”

தன் குரலை இயந்திரத்திலிருந்து எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். அது எப்போதோ கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது, அவளுடையது இல்லை என்று பொறுமையாக விளக்கினார். வேண்டுமானால் போனில் பேசும்போது அவள் கொஞ்சம் வேறு மாதிரி பேசிப் பழகிக்கொள்ளலாம் என்று யோசனையும் சொன்னார்.

ஓட்டுநர் இல்லாத அந்தக் கார் முதல் வீட்டு விலாசத்தைக் கேட்டது. அவள் மைனாவதியின் விலாசத்தைச் சொன்னாள்.

வாசலில் ஓவியா உட்கார்ந்திருந்தாள். சுவரில் பார்த்த முகம். வெள்ளைச் சீருடை இல்லை. மடியில் பனியன் குவியல், கையில் கத்தரி. வீட்டுக்குக் கொண்டுவந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். படிப்பு என்ன ஆயிற்று என்று கேட்கத் தேவை இருக்கவில்லை. மைனாவதி குழாயடியிலிருந்து குடத்தோடு ஓடி வந்தாள்.

“நித்யாக் கண்ணு! ஓவியா, நாஞ் சொன்னனே, இந்தப் புள்ளதான்.”

சுபிக்ஷா செருப்பைக் கழற்றவில்லை. கழற்றினால் உள்ளே போவோம், உள்ளே போனால் சாப்பிடச் சொல்வார்கள் என்று பயந்தாள். நின்றபடியே சொன்னாள்.

“அக்கா, நித்யான்னு ஆரும் இல்லீங்க. அது மெசினுங்க. என்ற குரல மட்டும் எடுத்து அதுல வெச்சிருக்காங்க. தாயில்ல, திட்றாங்கன்னு சொன்னதெல்லாம் பொய்யிங்க. உங்க சம்பளத்தக் கொறைக்கறதுக்கு அது சொன்ன பொய்யிங்க.”

மைனாவதி குடத்தைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் வந்தது கோபம் இல்லை, பதற்றம்.

“ஆரு கண்ணு உன்னைய மெரட்டுனாங்க? அந்த மேனேஜரா? இப்பிடிச் சொல்லச் சொல்லி அனுப்புனாங்களா? நீ வெசனப்படாத. இந்த மாசமும் நாங் கொறச்சுக்கறேன்.”

சுபிக்ஷாவுக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையைச் சொன்னாலும் அது இன்னொரு பெருமூச்சாகப் போய்ச் சேர்கிற இடத்துக்குக் கொண்டுவந்து விட்டிருந்தது அந்த இயந்திரம். ஓவியாதான் கத்தரியை வைத்துவிட்டு எழுந்தாள். அம்மாவின் போனை எடுத்து, நித்யாவின் எண்ணை அழுத்தி, சத்தமாக வைத்தாள். பேசாமல் நில்லுங்கள் என்று சுபிக்ஷாவுக்குச் சைகை காட்டினாள்.

“வணக்கமுங்க்கா, நித்யா பேசறனுங்க” என்றது போன். “சாப்டீங்களா?”

சுபிக்ஷாவின் உதடுகள் மூடியிருந்தன. மைனாவதி போனைப் பார்த்தாள், உதடுகளைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள்.

“ஏங்க்கா பேச மாட்டீங்கறீங்க? என்மேல கோவமுங்களா? அன்னிக்கு நீங்க போட்ட அரிசிம்பருப்பு இன்னும் நாக்குலயே நிக்குதுங்க. எங்கம்மா இருந்திருந்தா அப்பிடித்தான் போட்டிருப்பாங்க...”

ஓவியா அதை அணைத்தாள். மைனாவதி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். ஏமாந்துபோனவளுக்குத்தான் வெட்கம் வருகிறது. அவள் மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. சுபிக்ஷாவிடம் திரும்பிக் கேட்டாள்.

“அப்ப அன்னிக்கு என்ற ஊட்ல உக்காந்து சோறு தின்னது ஆருங்க?”

“நாந்தானுங்க்கா. என்ற பேரு சுபிக்ஷாங்க.”

“உங்களுக்கு அன்னிக்கே தெரியுமுங்களா?”

“தெரியுமுங்க.”

மைனாவதி திட்டுவாள் என்று சுபிக்ஷா காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. மைனாவதி திட்டவில்லை. லைன் வீட்டு வாசலில் இறங்கி நடந்து, ஒவ்வொரு கதவாகத் தட்டி, போனை எடுத்துக்கொண்டு ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள் என்று பெண்களைக் கூப்பிட்டாள். வந்தவர்கள் சுபிக்ஷாவைச் சுற்றி நின்றார்கள். நித்யாவைக் கூப்பிடுங்கள் என்றாள் மைனாவதி. பிறகு சுபிக்ஷாவிடம் திரும்பினாள்.

“நீங்க வாயத் தொறக்க வேண்டாமுங்க. இப்பிடியே நில்லுங்க, போதும்.”

இங்கிருந்தும் அங்கிருந்தும் சுபிக்ஷாவின் குரல் எழுந்தது. சாப்டீங்களா என்று கேட்டது. ஒருத்தியிடம் தனக்கு இது ஏழாவது மாசம் என்றது. ஒருத்தியிடம் உங்க ஊர்ப் பொண்ணுதாங்க என்றது. ஒவ்வொருத்தியாகப் போனிலிருந்து தலை நிமிர்ந்து, நடுவில் நிற்கிறவளின் மூடிய வாயைப் பார்த்தாள். சுபிக்ஷா குனிந்துகொள்ளப் பார்த்தாள். குனிந்தால் அவர்களுக்கு வாய் தெரியாது என்று நிமிர்ந்து நின்றாள்.

வயதான ஓர் அம்மாள் போனைக் காதோடு வைத்துக்கொண்டு கிட்ட வந்தாள். ரெண்டு நாளாக் காச்சலுங்க, மாத்திரை வாங்கக்கூட ஆளில்லீங்க என்று அதில் சுபிக்ஷாவின் குரல் முனகிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் பழக்கத்தில் இன்னொரு கையைச் சுபிக்ஷாவின் நெற்றிக்குக் கொண்டுபோனாள். பாதி வழியில் நிறுத்தி, கையை இழுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.